எலியேசரின் பல்

தெருவில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும். கேட்டுக்கொண்டிருப்பவர் ஒரு விரலால் தன் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ஆமா ஆமா, எலியேசரோட பல்லு" என்பார். நேற்று ஏழு கிலோ மீன் பிடித்தேன் என்றால் எலியேசரோட பல்லு. மருமகனுக்கு ஹவானாவில் பெரிய வேலை என்றால் எலியேசரோட பல்லு. எலியேசர் யாரென்றே தெரியாத குழந்தைகள்கூடக் கன்னத்தைத் தட்டக் கற்றிருந்தன. சாந்தியாகோவில் எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஒரு பழமொழி உண்டாக இருபத்தைந்து வருஷமும் ஒரு புளுகனும் போதுமானதாக இருந்தது.

நெரெய்தா மட்டும் கன்னத்தைத் தட்டுவதில்லை. எலியேசர் அவள் புருஷன்.

அவள் முன்பு கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் சோப்புக்கூட வாங்க முடியாமல் போனபோது, அவன் விட்டுவிட்டுப் போன காரை எடுத்து ஓட்டத் தொடங்கினாள். ஐம்பத்தொன்றாம் வருஷத்து அமெரிக்கக் கார். அவளைவிடப் பத்து வயது மூத்தது. 'தெர்கா' என்று பேர் வைத்திருந்தாள். பிடிவாதக்காரி என்று அர்த்தம். நகரத்திலிருந்து எல் கோப்ரே மாதா கோயிலுக்கு ஆறு பேர், மடியில் சூரியகாந்திப் பூக்கட்டுகள், தினம் இரண்டு நடை. இந்த வண்டிதான் அவளுக்குச் சோறு, துணி, கூரை, கௌரவம் எல்லாம்.

அந்த வண்டி மூன்று நாளாக ஊளையிட்டது.

முதல் நாள் மேட்டில் ஏறும்போது மட்டும். இரண்டாம் நாள் சமதளத்திலும். மூன்றாம் நாள் பின்சீட்டில் இருந்த கிழவி சிலுவை போட்டுக்கொண்டு பாதி வழியில் இறங்கிவிட்டாள். சத்தம் பின் அச்சின் நடுவே தொங்கும் அந்த இரும்புக் குடத்திலிருந்து, டிஃபரன்ஷியலிலிருந்து வந்தது. என்ஜினின் சுழற்சியை வாங்கிப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கின்றன. அன்று மதியம் இரண்டு மணிக்கு டாக்ஸி உரிமத்துக்கான வண்டிச் சோதனை. ஊளையிடும் வண்டியோடு போனால் நம்பர் பலகையைக் கழற்றிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எந்தப் பள்ளிக்கூடம் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்?

காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் டகோபெர்த்தோ வந்தான். எதிர்வீட்டுக்காரன். கையில் இரும்பு வெட்டும் கேஸ் விளக்கையும் கொண்டுவந்திருந்தான்.

"அதை எதுக்குடா தூக்கிட்டு வந்த?" என்றாள் நெரெய்தா.

"வெட்டத்தான், டீச்சர். உள்ள இருக்கிறது கியரா, வாழைக்காய்ப் பொரியலான்னு தெருவுக்கே தெரியும். பழைய அச்சை வெட்டி எடுத்துட்டு, ரஷ்யா லாரி அச்சு ஒண்ணு இருக்கு, அதை வெல்டு வெச்சுடறேன்."

"இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ளயா?"

"இன்னைக்கு முடியாது. ஒரு மாசம் ஆகும்."

"அப்ப என் உரிமம்?"

அவன் வானத்தைப் பார்த்தான்.

வாழைக்காய்க் கதை இதுதான். தொண்ணூற்று நாலில், எதுவுமே கிடைக்காத அந்தக் காலத்தில், தெர்காவின் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தது. முப்பத்தேழு பல்லில் ஒன்று. தீவு முழுக்கத் தேடினாலும் மாற்றுச் சக்கரம் கிடையாது. சர்க்கரை ஆலையில் கடைசல்காரனாக இருந்த எலியேசர் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கொட்டகைக்குள் போனவன், பதினொரு நாள் கழித்து வெளியே வந்தான். உடைந்த இடத்தில் வெல்டிங்கால் இரும்பை அடுக்கி, கையாலேயே அரம் போட்டுப் புதுப் பல் செய்துவிட்டதாகச் சொன்னான். முப்பத்தேழில் எது தன் பல் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னான்.

தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. ஏனென்றால் இதே எலியேசர் துறைமுகத்தில் சுறாவை வெறுங்கையால் பிடித்தவன். குத்துச்சண்டையில் தேசிய வீரனைப் பின்வாசலில் வைத்து வீழ்த்தியவன். எல்லாம் அவன் வாயால் சொன்னது. அந்தப் பல்சக்கரத்தின் வளைவை அளந்து வெட்ட ஒரு தொழிற்சாலையே வேண்டும். இவன் கொட்டகையில் உட்கார்ந்து அரத்தால் செய்தானாம். வண்டியை விற்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் இவனும் செய்திருக்கிறான் என்று முடிவாயிற்று. பச்சை வாழைக்காயையும் மரத்தூளையும் குடத்துக்குள் திணித்தால் உடைந்த பல்லும் வாயைத் திறக்காது, சில காலம். கொட்டகைக்குப் பின்னால் வாழைத்தோல் கிடந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக டகோபெர்த்தோ அப்போதே சத்தியம் செய்தான்.

இரண்டு மாதத்தில் எலியேசர் லாரி டியூப்களைக் கட்டிய தெப்பத்தில் கடலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டான். போகும்போது இரண்டு சொன்னான். ஆறு மாதத்தில் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்றான். வருஷத்துக்கு ஒருதரம் பின் அச்சின் திருகைத் திறந்து, விரலை விட்டு எண்ணெய் பார் என்றான். முதலாவது பொய்யாகப் போயிற்று. இரண்டாவதை அவள் கேட்கவே இல்லை. உள்ளே இருப்பது வாழைக்காய் என்றால், திறந்து புது எண்ணெய் ஊற்றினால் அதெல்லாம் கரைந்து சத்தம் கிளம்பிவிடாதா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள். இருபத்தைந்து வருஷம் அந்தத் திருகு மேல் ஒரு ஸ்பேனர் பட்டதில்லை. போன மழைக்காலத்திலிருந்து அச்சின் கீழே தரையில் சொட்டுச் சொட்டாகக் கறை விழுந்தது. அதையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி தொறந்து பாத்துடலாம்," என்றாள் இப்போது. "ஊளை வந்தாச்சு. இனி என்ன பயம்."

"பாக்கலாம். வண்டி சமமா நிக்கணும். சரிவுல நின்னா எண்ணெய் அளவு பொய் சொல்லும்."

எங்கள் தெருவில் சமமான இடம் ஒன்றே ஒன்று. மூலையில் தோமினோ ஆடும் இடம். நாலு பேர் மேசையைத் தூக்கிக்கொண்டு முனகியபடி நகர்ந்தார்கள். ஜெயிக்கிற கையை வைத்துக்கொண்டிருந்த செவேரோ மட்டும் காய்களை மார்போடு அணைத்தபடி, "வாழைக்காய் வெந்திருந்தா எனக்கு ஒரு தட்டு" என்றான்.

தெர்காவைத் தள்ளி நிறுத்தினார்கள். டகோபெர்த்தோ அட்டையை விரித்து அடியில் படுத்தான்.

"கீழ ஒரு திருகு இருக்கே, அதைத் தொறந்தா பழசு வடிஞ்சிடுமே," என்று செவேரோ யோசனை சொன்னான்.

"வடிஞ்சப்புறம் மேல் திருகு வரலைன்னா? உன் வாயால ஊத்துவியா? முதல்ல மேல. அது வந்தாத்தான் மத்தது."

மேல் திருகு வரவில்லை. மண்ணெண்ணெய் தடவினான், விளக்கால் சூடாக்கினான், ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இழுத்தான். அசையவில்லை. கடைசியில் நெரெய்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயின் நுனியில் ஏறி நின்றாள். ஒரு முனகல். வண்டி முனகியதா, அவளா என்று தெரியவில்லை. திருகு சுழன்றது.

எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகின வாழைக்காய் நாற்றம் வரவில்லை. பழைய கியர் ஆயிலின் கந்தக வாடை மட்டும் வந்தது. டகோபெர்த்தோ விரலை விட்டு வளைத்துத் துழாவினான். விரல் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. துணி சுற்றிய கம்பியை இன்னும் ஆழமாக விட்டதில் நாலு விரல் ஆழத்தில் கொஞ்சம் கறுப்பாகத் தட்டுப்பட்டது. மரத்தூள் இல்லை. நார் இல்லை.

"வாழைக்காய் எங்கடா?" என்றாள் நெரெய்தா.

"கரைஞ்சு போயிருக்கும்," என்றான் அவன். குரலில் பழைய தெம்பு இல்லை.

அப்போதுதான் ஒஃபேலியா தெருவில் இறங்கி வந்தாள். பல் டாக்டர். எலியேசரின் கூடப்பிறந்த தங்கை. இந்தப் பழமொழியைத் தெருவில் எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டு நொந்தவள் அவள்தான். பல்லைக் காட்ட வருகிறவர்களே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "டாக்டரம்மா, அண்ணன் மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சுடுங்க" என்பார்கள். வெள்ளைக் கோட்டுப் பையில் கைவிட்டு நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்தாள்.

"தள்ளுங்க, அண்ணி. பல்லுன்னு சொல்லிட்டு மெக்கானிக்கைப் படுக்க வெச்சா எப்படி?"

கோட்டோடு அட்டையில் படுத்தாள். டார்ச்சை ஓட்டையின் விளிம்பில் வைத்து, கண்ணாடியை உள்ளே விட்டாள். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி டகோபெர்த்தோ மெல்லச் சுற்றினான். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் ஒரு சுற்று வரும். ஒரு பல்லைத் துடைத்து, உதட்டுச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கினாள். தெரு முழுக்க அவளோடு சேர்ந்து எண்ணியது. ஒன்று. இரண்டு. எட்டில் ஒரு சிரிப்பு. பதினைந்தில் செவேரோ ஒரு தோமினோக் காயை வைத்தான். இருபதுக்கு மேல் சலிப்பு வந்துவிட்டது.

"இருபத்து மூணு," என்றார்கள் எல்லாரும். ஒஃபேலியா சொல்லவில்லை.

"நிறுத்து," என்றாள். கண்ணாடியைத் துடைத்து மறுபடி உள்ளே விட்டாள். பிறகு, "அண்ணி, நீங்க வந்து பாருங்க."

நெரெய்தா படுத்தாள். முதலில் மினுமினுப்புதான் தெரிந்தது. எழுபது வருஷம் இருட்டில் சுற்றிய இரும்பு உள்ளே முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. மற்றப் பற்களின் ஓரங்கள் பழைய எண்ணெய்க் கறை ஏறிக் காப்பி நிறத்தில் கிடந்தன. இந்த ஒன்று மட்டும் சாம்பல் வெளுப்பு. வேறு இரும்பு. ஆனால் அந்த வளைவு, அடியிலிருந்து நுனிவரை திரும்பிக்கொண்டே போகும் அந்த வளைவு, இடப்பக்கத்துப் பல்லும் வலப்பக்கத்துப் பல்லும் எப்படியோ அப்படியே. பல்லும் பல்லும் உரசுகிற முகம் மற்றவற்றைப் போலவே பளபளத்தது. அடியில், எந்தப் பல்லும் தொடாத குழியில், மெல்லிய கோடுகள். ஒரே சாய்வில், வகிடு எடுத்த மாதிரி. அரத்தின் கோடுகள்.

பத்து வருஷம் கரும்பலகையில் வளைகோடு போட்டவள் அவள். இந்த வளைவைக் காம்பஸ் வைத்துப் போட முடியாது. அளவுகோலுக்கும் அடங்காது. பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து, ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி பார்த்து, மறுபடி இழுத்துத்தான் செய்திருக்க வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் எல்லாம் போச்சு. மறுபடி இரும்பை அடுக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பதினொரு நாளில் அவளுடைய பவுடர் டப்பாவின் கண்ணாடி காணாமல் போய், அதற்காக அவனோடு பெரிய சண்டை போட்டது ஞாபகம் வந்தது. சாப்பிட வரும்போதெல்லாம் விரல்களில் விளக்குக் கரி. கொட்டகையில் குடிக்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். கரியைப் பூசிப் பல்லோடு பல்லை உரசவிட்டு, எங்கே ஒட்டுகிறது என்று அவளுடைய கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

மனம் தானாகவே கணக்குப் போட்டது. தினம் எண்பது கிலோமீட்டர். பெட்ரோல் கிடைக்காத நாளெல்லாம் கழித்து, வருஷத்துக்கு முந்நூறு நாள். இருபத்தைந்து வருஷம். ஒரு கிலோமீட்டருக்கு இந்தச் சக்கரம் நானூற்றைம்பது தடவை சுற்றும்.

"இருபத்தேழு கோடி," என்றாள் வண்டிக்கு அடியிலிருந்து.

"என்னது, டீச்சர்?"

"இந்தப் பல்லு இருபத்தேழு கோடித் தடவை அடி வாங்கியிருக்கு. ஆறு பேரையும் என்னையும் சுமந்துக்கிட்டு."

செவேரோ தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்கள். எல் கோப்ரேயில் மாதா முன்னால் நிற்கிற மாதிரி வரிசையில் நின்று, பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"நான் பல்லுக்கு மாட்டற கிரீடம் பதினஞ்சு வருஷம் வந்தா அதிகம்," என்றாள் ஒஃபேலியா. "அதுவும் ரொட்டி மெல்லறதுக்கு." அவள் கண்கள் நிறைந்திருந்தன. "இத்தனை வருஷமா நானும்தான் நம்பல, அண்ணி. கூடப்பிறந்தவ, நானே நம்பல."

டகோபெர்த்தோ கடைசியாகப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வெளியே வந்தவன் நெரெய்தாவின் முகத்தைப் பார்க்காமல் கேஸ் விளக்கின் குழாயைச் சுற்றி மடித்தான்.

"வாழைத்தோலு நான் பாக்கல, டீச்சர்."

"என்ன?"

"சும்மா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்களா, நானும் ஒண்ணு சேத்துக்கிட்டேன். நான் ஒரு மெக்கானிக். என்னால முடியாததை அவன் முடிச்சுட்டான்னா..."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை. ஒருவன் வாயால் புளுகியதைக் கேட்டு, இன்னொருவன் கையால் செய்ததை இருபத்தைந்து வருஷம் அவள் திறந்து பார்க்காமலே விட்டிருக்கிறாள். இந்த மூன்று நாளில், எண்ணெய் இல்லாமல், அந்தப் பல்லை அவளே தின்றிருப்பாள்.

"மணி பன்னிரண்டரை," என்றாள். "எண்ணெய் எங்க?"

திறந்து பார்க்கலாம் என்று முடிவானதுமே ஆள் அனுப்பியதில், எண்ணெய் சர்க்கரை ஆலையிலிருந்து இரண்டு ரம் பாட்டிலில் வந்திருந்தது. அரைவையின் பெரிய கியர்களுக்கு ஊற்றுகிற எண்ணெய், தேனைவிடக் கெட்டி. இளகட்டும் என்று காலையிலேயே கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் வைத்திருந்தார்கள். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி மறுபடி சமமாக நிறுத்தினான் டகோபெர்த்தோ. ஒரு பாட்டிலின் அடியை வெட்டி, வாயில் குழாயைச் செருகி, ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாயின் மறுமுனையை ஓட்டைக்குள் விட்டான். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற மாதிரி இருந்தது. தெருவே சுற்றி நின்று, இறங்குகிற மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் பாட்டில் முடிந்தது. இரண்டாவதில் பாதி இறங்கியதும் ஓட்டையின் உதட்டில் பொன்னிறமாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. மெல்ல வழிந்து ஒரு துளி அட்டையில் விழுந்தது.

"போதும். அதுவே வேண்டாங்குது," என்றான் டகோபெர்த்தோ.

திருகை நெரெய்தாவே போட்டாள். போடுவதற்கு முன் விரலை விட்டு வளைத்துப் பார்த்தாள். முதல் கணுவரை எண்ணெய் நனைத்தது. அவன் அன்று சொன்ன மாதிரியே.

ஒன்றரை மணிக்குத் தெர்கா மேட்டிலிருந்து இறங்கியது. இரண்டாவது திருப்பத்தில் ஊளை இருமலாகி, நாலாவதில் காணாமல் போயிற்று. ஏற்றத்தில் காலை அழுத்தினாள். என்ஜின் சத்தம், டயருக்கு அடியில் மாமரச் சருகு நொறுங்குகிற சத்தம், அவ்வளவுதான். இத்தனை நாள் இந்த மௌனத்தை அவள் வாழைக்காயின் மௌனம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள்.

சோதனை செய்த பெண் அடியில் விளக்கடித்துப் பார்த்தாள், ஓட்டிப் பார்த்தாள், காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"பின் அச்சு பழசா, மாத்தினதா?"

"பழசு," என்றாள் நெரெய்தா. "ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் புதுசு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

திரும்பி வந்தவள் வண்டியைத் தோமினோ மூலையில் விட்டுவிட்டு நேராக ஒஃபேலியா வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு புது வருஷத்துக்கும் எலியேசர் அங்கே போன் பண்ணுவான், அண்ணியைக் கூப்பிடு என்பான், அண்ணி வரமாட்டாள். அமெரிக்காவில் வேறொருத்தியோடு குடித்தனம் என்று கேள்விப்பட்டிருந்தாள். பிறகு அதுவும் இல்லை என்று கேள்விப்பட்டாள். இரண்டையும் அவள் விசாரித்ததில்லை.

"நம்பரைப் போடு," என்றாள். ஒஃபேலியா ஒன்றும் கேட்காமல் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

கிழட்டுக் குரல் ஒன்று எடுத்தது. சுறா பிடித்த குரல் இல்லை.

"நெரெய்தா பேசறேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"இருபத்து மூணாவது," என்றாள். "நாங்க எண்ணின எடத்துலேருந்து இருபத்து மூணாவது பல்லு. நீ செஞ்சது. அடியில அரத்துக் கோடு தெரியுது."

"அந்த எடத்துல," என்றான் அவன், தவறு செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி, "அரம் திரும்பறதுக்கு எடம் பத்தல. இல்லாட்டி அதையும் எடுத்திருப்பேன்."

சொல்ல நினைத்து வந்ததை, ஆறு மாதக் கணக்கை, இருபத்தைந்து வருஷக் கணக்கை, அவள் எடுக்கவில்லை.

"ஓடுதா?" என்றான்.

"ஓடுது. இன்னைக்கு முத்திரை குத்திட்டாங்க."

"எண்ணெய்?" அவன் குரல் தயங்கியது. "எண்ணெய் பாத்துக்கிறியா? நான் சொன்ன மாதிரி?"

பள்ளிக்கூடத்தில் இருந்த பத்து வருஷத்தில் யாருக்கும் அரை மார்க் கூட்டிப் போட்டதில்லை நெரெய்தா. விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் புது எண்ணெய் இன்னும் போகவில்லை.

"வருஷா வருஷம்," என்றாள். "தொறந்து, விரலை விட்டுப் பாப்பேன். ஒரு சொட்டு கொறைஞ்சதில்ல."

வாசற்படியில் நின்றிருந்த ஒஃபேலியா அவளைத் திரும்பிப் பார்த்து, ஒரு விரலால் தன் கன்னத்தை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள்.